கோழி ராசி

எங்கள் கிராமங்களில் கோழி இல்லாத வளவைக் காண்பது அரிது. அப்படியிருந்தும், மாதர் சங்கக் கூட்டங்களில் சுயதொழில் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "கோழி வளர்க்க ஆசைதான், ஆனால் எப்படித் தொடங்குவது என்று தெரியாது" என்று சொல்லும் சகோதரிகள் பலரைச் சந்திக்கிறேன். கோழி வளர்ப்பதற்கும் ஒரு படிப்பா என்று வயதானவர்கள் சிரிப்பார்கள். சற்று நின்று யோசித்தால் இதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை.

கோழி வளர்ப்பை எங்கள் ஊர்களில் எவரும் புத்தகம் பார்த்துப் பழகவில்லை. அம்மம்மா அடை வைக்கும்போது பேத்தி பக்கத்தில் குந்தியிருந்து பார்ப்பாள். எந்தப் பேடு அடைக்கு நல்லது, எந்த முட்டை கூழாகும், பிராந்து வட்டமிடும்போது தாய்க்கோழி எப்படிக் குரல் கொடுக்கும் என்பதெல்லாம் அப்படித்தான் கைமாறி வந்தன. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்கள் கோழிக்கூட்டைத் திறந்துவிட்டு, மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டு நடந்தார்கள். 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னியில் இடத்துக்கு இடம் ஓடியவர்கள் பலருக்கு அதற்குக்கூட நேரமிருக்கவில்லை. பிறகு செட்டிகுளத்து முகாம்களில் தறப்பாள் கொட்டில்கள். அந்தக் காலத்தில் வளர்ந்த பெண்பிள்ளைக்கு வளவு இல்லை, கூடு இல்லை, பார்த்துப் பழக அம்மம்மாவும் பலருக்கு இல்லை. இன்று அவள் முப்பது வயதைத் தாண்டிய குடும்பத் தலைவி. யுத்தத்தில் இழந்தவற்றைக் கணக்கெடுக்கும்போது வீடு, காணி, நகை, தோணி என்று எழுதுகிறோம். இப்படி அறுந்துபோன அறிவை எழுதுவதற்கு எந்தப் படிவத்திலும் இடம் விடப்படவில்லை.

நானும் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவள்தான். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்துவிட்டுச் சில ஆண்டுகளாகக் கிளிநொச்சி மாவட்டத்தில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். 2022 இல் நாடு பொருளாதார நெருக்கடியில் சிக்கியபோது கோழித்தீன் கிடைப்பது அரிதாகி, பண்ணைகள் பல மூடப்பட்டன. முட்டை ஒன்றின் விலை 50 ரூபாவையும் தாண்டியது. 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யப்பட்டது. பிள்ளைகளுக்குக் கிழமையில் ஒரு முட்டை கொடுக்க முடியவில்லை என்று தாய்மார் சொன்ன அந்த நாட்களில்தான், நான் வாடகைக்கு இருக்கும் வளவில் கோழி வளர்ப்பது என்று தீர்மானித்தேன். அதில் அறிந்தவற்றையும், அதைவிட முக்கியமாக எங்கள் ஒழுங்கையில் நடந்த ஒரு மாற்றத்தையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

"எனக்கு ராசியில்லை"

எங்கள் ஒழுங்கையில் ஓர் அக்கா இருக்கிறா. கணவர் 2009 இல் காணாமல் ஆக்கப்பட்டவர். மூன்று பிள்ளைகள். நான் கோழி வாங்கப்போகிறேன் என்று சொன்னபோது அவ சொன்ன மறுமொழி இதுதான்:

"வாங்குங்கோ மிஸ். என்னை மட்டும் கூட்டுப் பக்கம் கூப்பிடாதேங்கோ. எனக்குக் கோழி ராசியில்லை."

மீள்குடியேறிய புதிதில் ஓர் உதவித் திட்டத்தின் கீழ் அவவுக்கு 50 கோழிக்குஞ்சுகள் கொடுத்திருக்கிறார்கள். நெடுந்தூரம் பெட்டிக்குள் அடைத்துக் கொண்டுவந்த குஞ்சுகள். அவற்றுக்கு என்ன தடுப்பு மருந்து போட்டது, எத்தனை நாட் குஞ்சு என்ற விபரம் எதுவும் இல்லை. கூடு கட்டுவதற்கும் அவகாசம் இல்லை. குஞ்சுகளைக் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டாம் கிழமையில் குஞ்சுகள் தூங்கி விழத் தொடங்கின. பச்சை நிறத்தில் கழிந்தன. சில கழுத்தை முறுக்கிக்கொண்டு சுழன்றன. பத்து நாளில் கூடை வெறுமையாயிற்று. "புருசன்காரனும் இல்லை, அவளின்ரை கைக்கு ஒண்டும் நிலைக்காது" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் மறந்திருப்பார். அக்கா மறக்கவில்லை.

அவ விபரித்த அறிகுறிகளைக் கேட்டால் கால்நடை வைத்தியர் எவரும் முதலில் சந்தேகிப்பது இராணிக்கெட் நோயைத்தான். பச்சைக் கழிச்சல், இழுப்பு, கழுத்து முறுகல், அடுத்தடுத்து மரணம் எல்லாம் அதன் அடையாளங்கள். வைரசினால் வரும் இந்த நோய்க்கு வந்தபின் மருந்து கிடையாது. வருமுன் தடுக்க மட்டும் மருந்து உண்டு. தடுப்பு மருந்து போடாத 50 குஞ்சுகளை யாருடைய கையில் கொடுத்திருந்தாலும் அந்த நோய் நுழைந்தபின் பெரும்பாலானவை செத்துத்தான் இருக்கும்.

சி. றைட் மில்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1959 இல் எழுதிய நூலை முதலாம் ஆண்டில் படித்தோம். தனி ஒருவரின் சொந்தத் துன்பமாகத் தோன்றுவது பல வேளைகளில் சமூகத்தின் பொதுப் பிரச்சினையாக இருக்கிறது என்பது அவர் வாதம். பரீட்சைக்காகப் பாடமாக்கிய அந்தக் கருத்தின் பொருள் எனக்கு அக்காவின் முற்றத்தில்தான் விளங்கியது. மருந்து வரவில்லை, அறிவுரை வரவில்லை, பின்னர் வந்து பார்க்க ஆளும் வரவில்லை. இவ்வளவு இல்லாமையையும் சேர்த்து ஒரு விதவைப் பெண்ணின் 'ராசி' என்று பெயர் வைத்துவிட்டோம். பழியை அவ பன்னிரண்டு வருடத்துக்கு மேலாகச் சுமந்திருக்கிறா.

கூடு முதலில், கோழி பிறகு

தொடங்குபவர்களுக்கு நான் சொல்லும் முதல் வார்த்தை, கோழி வாங்க முன்னர் கூட்டை முடியுங்கள் என்பது. எனக்குக் கூடு கட்டித் தந்தவர் பக்கத்து வளவு ஆச்சியின் மகன். நான்கு அடி நீளம், மூன்று அடி அகலம். நான்கு ஐந்து கோழிகள் இரவில் தங்க அது போதும். ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி என்று கணக்கு வைத்தால் பிழை வராது.

கூடு நிலத்திலிருந்து இரண்டு அடி உயரத்தில் நிற்கிறது. 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் இரவில் வந்த வெள்ளத்தை அனுபவித்தவர்களுக்கு இதன் காரணத்தைச் சொல்லத் தேவையில்லை. அடித்தளத்துக்குப் பனஞ்சிலாகைகளை விரலளவு இடைவெளி விட்டு அறைந்திருக்கிறோம். எச்சம் கீழே விழுந்துவிடும், கூடு காய்ந்திருக்கும், விழுந்த எச்சத்தை அள்ளிக் குவித்து உக்கவைத்தால் கத்தரிக்கும் மிளகாய்க்கும் நல்ல பசளை. உக்காத எச்சத்தை அப்படியே போட்டால் கன்று கருகிவிடும்.

உள்ளே குறுக்காக ஒரு தடி. கோழி இரவில் ஏறியிருந்து தூங்கும் பிராணி. கூரைக்குக் கிடுகு. தகரம் போட்டால் வெயிலில் கொதிக்கும், அதன்மேல் கிடுகோ ஓலையோ பரப்பவேண்டும். வாடைக்காற்று அடிக்கும் வடகிழக்குப் பக்கத்தை அடைத்து மற்றப் பக்கங்களில் கம்பிவலை அடிக்கலாம். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் விறைத்து இறந்தன. மாட்டையே சாய்த்த குளிர் குஞ்சை விட்டுவைக்காது. கீரியும் மரநாயும் இரண்டு விரல் இடைவெளி கிடைத்தாலும் உள்ளே புகுந்துவிடும். ஆகையால் கதவுக்குக் கொளுக்கி கட்டாயம் வேண்டும்.

வன்னியில் வாழும் சகோதரிகளுக்கு இன்னொரு விடயம். கூட்டுக்குத் தடி வெட்டவும் குஞ்சுக்குக் கறையான் எடுக்கவும் பற்றைக் காட்டுக்குள் போகவேண்டி வரும். கண்ணிவெடி அகற்றியதாக அறிவிக்கப்படாத இடத்துக்கும் சிவப்பு மண்டையோட்டுப் பலகை நிற்கும் இடத்துக்கும் ஒருபோதும் போகவேண்டாம். பிள்ளைகளையும் அனுப்பவேண்டாம். கண்டெடுத்த இரும்புப் பெட்டி, பீப்பா எதையும் தண்ணீர்ப் பாத்திரமாகப் பாவிக்கவேண்டாம். வெட்டிய பிளாஸ்ரிக் கானும் சிரட்டையும் போதும்.

மூன்று பேடும் ஒரு சேவலும்

ஊர்க்கோழியா, முட்டைக்கென்று உருவாக்கிய கலப்பினக் கோழியா என்பது அடுத்த கேள்வி. கலப்பினப் பேடு நன்றாகப் பராமரித்தால் வருடத்துக்கு 250 முட்டைக்கு மேல் இடும். ஊர்க்கோழி ஒரு தடவையில் பத்துப் பதினைந்து முட்டை இட்டுவிட்டு அடைக்குப் படுத்துவிடும். வருடம் முழுவதும் கூட்டினாலும் 40 முதல் 60 முட்டைதான். இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் கலப்பினம்தான் இலாபம். ஆனால் கலப்பினக் கோழிக்குக் கடைத்தீன் நாளாந்தம் 110 கிராம் அளவில் வேண்டும். தீன் விலை ஏறினால் அன்றே கை கடிக்கும். அது பொதுவாக அடைகாக்காது, ஆகவே அடுத்த தலைமுறைக்கு மறுபடியும் காசு கொடுத்துக் குஞ்சு வாங்கவேண்டும். ஊர்க்கோழி கிளறித் தின்னும், தானே அடைகாக்கும், தானே குஞ்சு வளர்க்கும். அதன் முட்டைக்குப் பண்ணை முட்டையை விடக் கூடுதல் விலையும் கிடைக்கும். கையில் முதல் இல்லாமல் தொடங்குபவருக்கு ஊர்க்கோழியே ஏற்றது என்பது என் முடிவு.

ஐந்து மாத வயதில், முட்டையிடும் பருவத்தை அண்மித்த மூன்று பேடுகளையும் ஒரு சேவலையும் வாங்கினேன். சந்தையில் பல ஊர்க் கோழிகளும் ஒன்றாய் நெருக்குண்டு நிற்கும், நோய் தொற்ற அதைவிட நல்ல இடம் இல்லை. ஆகையால் தெரிந்த இரண்டு வீடுகளில் வாங்கினேன். கண் தெளிவாகவும், மூக்குக் காய்ந்தும், பின்புறம் எச்சம் ஒட்டாமலும் இருக்கவேண்டும் என்று ஆச்சி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துத் தந்தா. இரண்டு வீட்டுக் கோழிகளையும் இரண்டு கிழமைக்கு வேறுவேறாக வைத்திருந்த பின்னரே ஒன்றாக விட்டேன். நோய் ஏதும் ஒளிந்திருந்தால் அந்தக் காலத்துக்குள் தெரிந்துவிடும்.

சேவல் இல்லாமலும் பேடு முட்டையிடும். சாப்பிடுவதற்கு அது போதும், குஞ்சு பொரிக்காது. எட்டுப் பத்துப் பேடுகளுக்கு ஒரு சேவல் போதுமானது. ஒழுங்கையில் ஏற்கனவே நல்ல சேவல் திரிந்தால் வாங்கவே தேவையில்லை.

புதிய கோழிகளை முதல் ஒரு கிழமை கூட்டோடு சேர்ந்த அடைப்புக்குள் வைத்திருந்தால் வீடு பழகிவிடும். பிறகு காலை பத்து மணிவரை உள்ளே வைத்திருந்து முட்டையிட்டபின் திறந்துவிடுகிறேன். முட்டை கூட்டுக்குள்ளேயே கிடைக்கும், பற்றைக்குள் தேடத் தேவையில்லை. பொழுதுபடமுன் ஒரு பிடி நெல்லோ குறுணலோ போட்டுக் கூப்பிட்டால் தாமாக வந்து ஏறும். தவிடு, குறுணல், பால் பிழிந்த தேங்காய்ப்பூ, முருங்கையிலை, அவித்த மீன் கழிவு என்று குசினியில் மிஞ்சுவது பாதித் தீன். முட்டைக்கோதைக் காயவைத்து நொருக்கித் தவிட்டோடு கலந்தால் அடுத்த முட்டையின் கோது உறுதியாகும். பூஞ்சணம் பிடித்த கச்சான், பழுதான தவிடு எதையும் போடக்கூடாது, அதில் நஞ்சு உண்டு. வெயில் காலத்தில் சுத்தமான தண்ணீர் நிழலில் எந்நேரமும் இருக்கவேண்டும்.

ஒழுங்கையில் சண்டை வருவதற்கு முக்கிய காரணம் அடுத்த வளவுத் தோட்டத்தைக் கிளறும் கோழிதான். வேலியின் அடியை ஓலையால் வரிந்துவிட்டால் பாதிச் சண்டை தீரும். மீதிப் பாதி தீர, முதல் வந்த முட்டையில் இரண்டை அந்த வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.

யார் கையால் அடை வைப்பது?

மூன்று மாதமளவில் ஒரு பேடு கூட்டை விட்டு எழும்பாமல் சிலிர்த்துக்கொண்டு கொக்கரிக்கத் தொடங்கியது. அடைக்குத் தயார் என்று ஆச்சி சொன்னா. பழைய கடகத்தில் சாம்பலும் வேப்பிலையும் போட்டு, மேலே வைக்கோல் பரப்பினோம். சாம்பலும் வேப்பிலையும் பேன் வராமலிருக்க. பத்து நாளுக்கு மேற்படாத, வெடிப்பில்லாத, கழுவாத 11 முட்டைகளைத் தெரிவுசெய்தோம். கழுவினால் முட்டைக்கோதின் மேலுள்ள இயற்கையான பூச்சுப் போய்விடும். மற்றப் பேடுகள் புதிதாக இட்டுவிட்டால் அடையாளம் தெரிய ஒவ்வொன்றிலும் பென்சிலால் கோடு போட்டேன்.

"பிள்ளை, அடை வைக்கிறதுக்குக் கைராசியான ஆள் வேணும். நல்ல சுமங்கலி ஒருத்தியைக் கூப்பிடு" என்றா ஆச்சி. அன்பில் சொன்ன வார்த்தை. அவவுடைய தாயும் அப்படித்தான் சொல்லியிருப்பா.

நான் அக்காவைக் கூப்பிட்டேன். வேலை காரணமாக நான் பகலில் வீட்டில் இல்லை, அடைக்கோழியைப் பார்க்க ஆள் தேவை, பொரிக்கும் குஞ்சில் பாதி உங்களுக்கு என்று சொன்னேன். ஆட்டையும் கோழியையும் பங்குக்கு வளர்க்கக் கொடுப்பது எங்கள் ஊர்களில் முன்னரே இருந்த வழக்கம்தான். அவ படலையடியிலேயே நின்றா.

"பொரிக்காட்டில் என்னைத்தான் மிஸ் சொல்லுவினம்."

"பொரிக்காட்டில் முட்டையை உடைச்சுப் பார்ப்பம் அக்கா. கரு கட்டேல்லையெண்டால் சேவலின்ரை பிழை. கட்டி இடையிலை செத்திருந்தால் சூட்டின்ரை பிழை. முட்டையே சொல்லும்."

அவ சிரித்தா. பிறகு சீலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு முட்டையாக எடுத்துக் கடகத்தில் வைத்தா. கை நடுங்கியதை நாங்கள் மூன்று பேரும் கண்டோம். ஆச்சி ஒன்றும் பேசவில்லை.

ஏழாம் நாள் இரவு ரோர்ச் லைட் வெளிச்சத்தில் முட்டைகளைப் பார்த்தோம். கரு கட்டிய முட்டைக்குள் சிலந்தி வலைபோல் சிவப்பு நரம்புகள் தெரியும். பத்தில் தெரிந்தது, ஒன்று வெறுமையாக வெளிச்சம் காட்டியது, அதை எடுத்துவிட்டோம். நாள்தோறும் ஒரு தடவை பேடு எழுந்து தின்னவும் குடிக்கவும் அக்கா தானியமும் தண்ணீரும் பக்கத்தில் வைத்தா. 21 ஆம் நாள் ஒன்பது குஞ்சுகள் வெளிவந்தன. ஒன்று முட்டைக்குள்ளேயே இறந்திருந்தது.

பொரித்த குஞ்சுக்கு முதல் நாள் அவசரப்பட்டுத் தீன் போடத் தேவையில்லை, வயிற்றில் மஞ்சட்கரு மிச்சமிருக்கும். தண்ணீர் மட்டும் தட்டையான மூடியில், குஞ்சு விழுந்து மூழ்காமல் சிறு கற்கள் போட்டு வைக்கவேண்டும். பின்னர் பொடிக்குறுணலும் கறையானும். முதல் மூன்று கிழமைகள் பகலில் கரப்பின் கீழ் வைத்திருந்தால் பிராந்துக்கும் காகத்துக்கும் தப்பும். குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெருங்கினால் குளிர் என்று அர்த்தம். சிதறிப்போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். இரண்டு மாதத்தில் எங்களுடைய ஒன்பதில் ஏழு மிஞ்சின. ஒன்றைப் பிராந்து கொண்டுபோனது, ஒன்று பிறப்பிலேயே நலிவு. ஊர்க்குஞ்சில் இது நல்ல தேறல் என்று ஆச்சியே சொன்னா. பங்கு பிரிக்கும்போது அக்காவுக்கு நான்கு, எனக்கு மூன்று.

ஒரு போத்தல் மருந்தும் பதினாலு வீடுகளும்

அந்த ஏழும் மிஞ்சியதற்கு முக்கிய காரணம் தடுப்பு மருந்து. பிரதேசத்தில் உள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். இராணிக்கெட் தடுப்பு மருந்தைக் குஞ்சு பொரித்து ஒரு கிழமையளவில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு துளி விடத் தொடங்கலாம். அடுத்தடுத்த தடவைகள் எப்போது என்பது மருந்தின் வகையைப் பொறுத்தது, அதை அவர்களே எழுதித் தருவார்கள். நோயில்லாத கோழிக்கே மருந்து போடவேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தனி ஒரு வீட்டாருக்கு அளந்து கொடுக்கக்கூடிய மருந்து அல்ல இது. ஒரு சிறு போத்தலில் நூறு கோழிக்கோ அதற்கு மேலாகவோ போதுமான மருந்து இருக்கும். ஐஸ் போட்ட பெட்டியில் கொண்டுவரவேண்டும். கலக்கியபின் சில மணித்தியாலங்களுக்குள் முடிக்கவேண்டும், மிச்சம் உதவாது. நான்கு கோழி வைத்திருக்கும் பெண் தனியே போய் இதைச் செய்வது எப்படி? நூற்றுக்கணக்கில் வளர்க்கும் பண்ணைக்காரருக்குச் சுகமானது, எங்கள் பெண்களுக்குச் சுமையாவது இதனால்தான். அக்காவுடைய 50 குஞ்சும் இந்த இடைவெளிக்குள்தான் விழுந்தன.

அக்காதான் வழி கண்டுபிடித்தா. கொப்பி ஒன்றுடன் ஒழுங்கை முழுவதும் போய் எந்த வீட்டில் எத்தனை கோழி என்று எழுதிக்கொண்டு வந்தா. பதினாலு வீடு, 130 கோழி. கால்நடை அலுவலகத்தில் நாள் குறித்துக் கேட்டோம். மருந்து வந்த அன்று வெயில் ஏறமுன், கோழிகள் கூட்டில் இருக்கும்போதே, ஒவ்வொரு வீடாகப் போய் முடித்தோம். ஒருவர் பிடிக்க, ஒருவர் துளி விட, ஒருவர் எழுத, இரண்டு மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது. அன்றிலிருந்து அந்தக் கொப்பி அக்காவின் வீட்டில் இருக்கிறது. அடுத்த தவணையை அவவே நினைவூட்டுகிறா.

இத்தனைக்குப் பின்னும் கோழி சாகலாம். மழைக்காலத்தில் நுளம்பால் பரவும் அம்மை வரும், கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் பொக்குளம் தெரியும். இரத்தக் கழிச்சல் ஈரக்கூட்டில் குஞ்சுகளுக்கு வரும். ஒரே நாளில் இரண்டு மூன்று கோழி இறந்தால் உடனே கால்நடை அலுவலகத்துக்கு அறிவிக்கவேண்டும். இறந்த கோழியைச் சமைக்கவோ, விற்கவோ, நாய்க்குப் போடவோ, ஒழுங்கையில் எறியவோ கூடாது. சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதைத்துக் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவவேண்டும்.

கோழிக்காசு யாருடையது?

முதல் எட்டு மாதத்தில் என்னுடைய மூன்று பேடுகளும் 74 முட்டை இட்டன. 22 அடைக்கு வைத்தது, 31 வீட்டிலும் அயலிலும் சாப்பிட்டது, 21 விற்றது. பெரிய வருமானம் என்று சொல்லமாட்டேன். கோழியால் கிழமைக் கடன் அடைக்கலாம், வீடு கட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். முதல் வருடத்தில் கிடைப்பது பிள்ளையின் தட்டில் முட்டை, கையில் பழக்கம், கூட்டில் அடுத்த தலைமுறை. கடன் எடுத்து இதைத் தொடங்கவே கூடாது. பேடு அடைகாத்து முடிக்க 21 நாள், குஞ்சு முட்டையிட ஆறு மாதம். கிழமைக்கு ஒரு தரம் படலையில் வந்து நிற்கும் கடன்காரர் அவ்வளவு நாள் பொறுக்கமாட்டார்.

ஆனாலும் சிறிய அந்தக் காசுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. வயலும் மாடும் ஆண்களின் பெயரில் இருந்த காலத்திலும் கோழி பெண்ணின் கையில்தான் இருந்தது. முட்டைக் காசு அம்மாவின் கொட்டைப் பெட்டிக்குள் போகும், பிள்ளையின் கொப்பி பென்சிலுக்கு அதிலிருந்துதான் வரும். இன்று குடும்பத்தை நடத்தும் பெண்ணின் கோழியையும், விருந்தாளி வந்துவிட்டார் என்றோ, திருவிழா வருகிறது என்றோ கேளாமலே பிடிக்கும் உறவுகள் உண்டு. கோழிக்காசுக்கு ஒரு தனிப் பேணியும், ஒரு கணக்குக் கொப்பியும் வையுங்கள். எழுதிய கணக்கு இருந்தால் "ஒரு கோழிதானே" என்று எவரும் இலேசாகச் சொல்லமாட்டார்கள்.

அக்காவின் நான்கு குஞ்சுகளில் மூன்று பேடு. இப்போது அவவிடம் பெரிதும் சிறிதுமாகப் பதினெட்டுக் கோழிகள். கடைசி மகள் கணக்கு எழுதுகிறாள். சென்ற வருடம் ஆச்சி தன் பேட்டை அடை வைக்க அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினா. "அவளின்ரை கை நல்ல கை" என்று காரணமும் சொன்னா. ராசி என்ற சொல்லை ஆச்சி விடவில்லை. ஆள் மாறிவிட்டது, அவ்வளவுதான். எனக்கு அதுவும் சம்மதமே.

சகோதரிகளே, தொடங்க விரும்பினால் மூன்று பேடுகளுக்கு மேல் வேண்டாம். வாங்க வழியில்லையென்றால் அயலில் ஒரு பேட்டைப் பங்குக்குக் கேளுங்கள். யாராவது உதவித் திட்டத்தில் குஞ்சு தருவதாகச் சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: குஞ்சுக்கு என்ன வயது? என்ன தடுப்பு மருந்து, எப்போது போட்டது? நோய் வந்தால் யாரிடம் போவது? மறுமொழி சரியாக இல்லாவிட்டால், கூடு முடியும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். அப்படிக் கேட்பது நன்றி கெட்டதனம் அல்ல, உங்கள் உரிமை. மார்கழி மழைக்குமுன் கூட்டை வேய்ந்து முடியுங்கள். ஒழுங்கையில் எத்தனை வீட்டில் எத்தனை கோழி என்று ஒரு கொப்பியில் எழுதிக் கால்நடை அலுவலகத்துக்கு ஒரு தரம் போய்வாருங்கள். தை பிறந்து நிலம் காய்ந்ததும் அடை வைக்கலாம்.